சும்மா கிடக்கிற இடமா அது?

நண்பர் ஒருவர் லடாக் போய்வந்து படம் போட்டிருந்தார். கீழே இன்னொருவர், "ஆளே இல்ல, இவ்ளோ இடம் சும்மா கிடக்கு" என்று எழுதியிருந்தார். மூன்று நாளாக அந்தச் 'சும்மா' என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கணக்கு என்னவோ அவர் பக்கம்தான். 59,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. 2011 கணக்கெடுப்பில் மொத்தமே 2.74 லட்சம் பேர். அங்கே பெரிய ஊரான லேயில் வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தாலே பெரிசு. குளிரில் உறைந்து கிடக்கும் பாலைவனம். ஆனால் அந்தக் கொஞ்சம் பேருக்குள்ளேயே போதோ, பல்தி, புரிக்பா, புரோக்பா, சாங்பா, மோன், பேடா, கர்ரா என்று எட்டுப் பழங்குடிகள் அரசுப் பட்டியலில் இருக்கிறார்கள். லே கடைத்தெருவில் ஆர்கோன் குடும்பங்கள் வேறு. இன்று சீனாவில் இருக்கும் யார்க்கண்டிலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் வந்த வியாபாரிகள் அங்கேயே பெண் கட்டித் தங்கிய வம்சம் அது. சீன எல்லை மூடியதும் அந்த வியாபாரம் போய்விட்டது. அந்த வியாபாரிகள் விட்டுப்போன இரட்டைத் திமில் ஒட்டகங்களின் வாரிசுகள்தான் இன்று நுப்ரா பள்ளத்தாக்கின் ஹுண்டர் மணல்மேட்டில் நம்மாட்களைச் சுமக்கின்றன.

நானும் அங்கே போயிருக்கிறேன். தங்கியது லேக்கு மேற்கே ஷாம் பக்கம் ஒரு கிராமத்து வீட்டில். வீட்டம்மா 'அமா-லே', பெரியவர் 'அபா-லே', வணக்கத்துக்கு 'ஜூலே'. திருநெல்வேலிக்காரனுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு. எங்கள் ஊரில் 'லே' சேக்காளிக்கு மட்டும்தான். பெரியவரிடம் சொன்னால் அடி விழும். அங்கே 'லே' சேர்க்காவிட்டால்தான் மரியாதைக் குறைவு.

ஒருநாள் விடிவதற்கு முன்பே அபா-லே மண்வெட்டியோடு கிளம்பினார். அன்று அவர் முறைத் தண்ணீர். நம் குளத்துப் பாசனத்து நீர்க்கட்டி மாதிரி அங்கே சுர்பொன் என்று ஒருவர். எந்த வயலுக்கு எப்போது என்று அவர் சொல்வதுதான் சட்டம். பனி உருகி வரும் வாய்க்காலில் ஒரு பலகைக்கல், இரண்டு புல்கட்டி, பழைய சாக்கு. சாக்கை உருவியதும் பார்லி வயலுக்குள் தண்ணீர் நுழைந்தது. நேரம் முடிந்ததும் கல்லை அவரே திருப்பி வைத்தார், பார்க்க ஆளில்லை. பத்து நிமிஷம் கூட விட்டால் என்ன என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன். "பனி விழுந்து ஆறு மாசம் பக்கத்து வயல்காரன் முகத்தைத்தானே பார்க்கணும்?" என்றார்.

இதை வைத்து அவர்களைச் சாதுக்கள் ஆக்கிவிட வேண்டாம். விருந்தில் உட்காரும் வரிசைக்கு அங்கே 'டிரல்' என்று பெயர். தகுதிப்படி தலையிலிருந்து கடைசிவரை. மேளம் அடிக்கும் மோனும் பேடாவும் கடைசியில். மேளம் இல்லாமல் கல்யாணம் நடக்காது, ஆனால் மேளக்காரர் கடைசியில்! எங்கள் ஊர்க் கோயில் கொடை ஞாபகம் வந்து சோறு இறங்கவில்லை. அப்புறம், 1989இல் பௌத்தர்கள் முஸ்லிம்களைச் சமூக ஒதுக்கல் செய்தார்கள். 1992 வரை அது நீடித்தது. பௌத்தர்கள் அதிகமுள்ள அதே லேயும் முஸ்லிம்கள் அதிகமுள்ள கார்கிலும்தான் இன்று மாநிலத் தகுதியும், பழங்குடிப் பகுதிகளுக்குத் தன்னாட்சி தரும் அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணையும் கேட்டு ஒன்றாக நிற்கின்றன. 2025 செப்டம்பரில் லேயில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு. நான்கு பேர் போனார்கள்.

நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற அவர்கள் பயம் புரிகிற பயம்தான். லடாக்கின் பாங் சமவெளியில் 13 கிகாவாட் சூரிய, காற்று மின்திட்டம் வருகிறது. அதற்கான மின்தடத்துக்கு 2023இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரைபடத்தில் வெறும் பழுப்பாகத் தெரிகிற அந்த நிலத்தில்தான் சாங்பாக்கள் பருவத்துக்குப் பருவம் கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு பஷ்மினா ஆடுகளை ஓட்டிப் போகிறார்கள். ஒரே இடத்தில் மேய்த்தால் புல் தாங்காது. அவர்கள் இல்லாத மாதத்தில் படம் எடுத்தால் ஆளே இல்லாத மாதிரிதான் இருக்கும்.

நம் கிராமக் கணக்கிலேயே மேய்ச்சல் புறம்போக்கு என்று தனி இனம் உண்டு. அதையும் 'சும்மாதானே கிடக்கு' என்று சொல்லித்தான் வளைத்தார்கள், அது வேறு கதை.