பலாப்பழத்தோடு எதைச் சாப்பிடக் கூடாது?

பண்ருட்டிப் பலா வரத்து ஆரம்பித்துவிட்டது என்பதைத் தள்ளுவண்டிக்கு முன்னால் குடும்ப வாட்ஸப் குழுவே சொல்லிவிடுகிறது. "பலாப்பழம் சாப்பிட்டதும் பால், தேன், பப்பாளி, வெண்டைக்காய், வெற்றிலை தொடவே கூடாது. உயிருக்கே ஆபத்து!" வருஷா வருஷம் இதே பட்டியல், இதே மண்டையோட்டுப் படம்.

தேனை எடுத்துக்கொள்வோம். பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது கபிலர் பாடியது புறநானூற்றில் 109ஆம் பாட்டு. உழாமலே கிடைப்பவை அங்கே நான்கு உண்டு, மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். அதனால் உங்களால் மலையைப் பிடிக்க முடியாது என்கிறார். பலாவும் தேனும் சேர்ந்தால் விஷம் என்றால் மூன்று ராஜாக்களும் ஒரு அம்பு கூட விட்டிருக்க வேண்டாம். நாலு நாள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதுமே!

பாலுக்கு மட்டும் கொஞ்சம் விஞ்ஞான வாடை அடிக்கும். பலாவில் உள்ள ஆக்சலேட் என்கிற பொருள் பாலின் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகக் கல்லாகிவிடுமாம். நடப்பது நேர்மாறு. குடலுக்குள்ளேயே இரண்டும் ஒட்டிக்கொண்டால் மலத்தோடு போய்விடும். ஒட்டாமல் ரத்தத்தில் ஏறும் ஆக்சலேட்தான் சிறுநீரகத்துக்குத் தொல்லை. அதனால்தான் ஆக்சலேட் கல் வந்தவர்களுக்குச் சாப்பாட்டோடு கால்சியம் உள்ள உணவைச் சேர்க்கச் சொல்கிறார்கள். வெண்டைக்காய்க்கும் இதே கதைதான். வெற்றிலைக்கு யாரும் காரணம்கூடச் சொல்வதில்லை.

சரி, கவனிக்க வேண்டியதே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது பட்டியலில் வராது. 100 கிராம் சுளையில் மாவுச்சத்து சுமார் 23 கிராம், அதில் பெரும்பகுதி சர்க்கரை. இலை நிறையச் சோறு, அதன் மேல் பாயசம், கை கழுவி வந்து டிவி முன்னால் பத்துச் சுளை. சுகர் உள்ளவருக்கு இந்தச் சேர்க்கைதான் வினை. பலாவோடு சேரக் கூடாதது எது என்று என்னைக் கேட்டால், முழுச் சாப்பாடு என்பேன். நாலு மணிக்குத் தனியாக இரண்டு மூன்று சுளை சாப்பிட்டால் சர்க்கரையும் மொத்தமாக ஏறாது, வயிறும் மந்திக்காது.

அளவுக்கு மேல் கனிந்து புளிக்க ஆரம்பித்த பழம் வேறு ரகம். 2025 ஜூலையில் கேரளத்தின் பந்தளம் பணிமனையில், பலாச்சுளை சாப்பிட்ட பஸ் டிரைவர்கள் குடிக்காமலே மூச்சுப் பரிசோதனையில் மாட்டினார்கள்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இளநீர். "சூட்டுப் பழமாச்சே" என்று சுளைக்கு மேல் இளநீர் வெட்டிக் கொடுப்பது நம் வீடுகளில் உபசாரம். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு ஒன்றும் ஆகாது. சிறுநீரகம் பழுதானவருக்கு அப்படியில்லை. 100 கிராம் சுளையில் பொட்டாசியம் சுமார் 450 மில்லிகிராம். ஒரு டம்ளர் இளநீரில் கிட்டத்தட்ட அதே அளவு. வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். டயாலிசிஸ் செய்துகொள்கிற பெரியவர் வீட்டில் இருந்தால், தட்டை நீட்டும் முன் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஃபார்வர்டு பண்ணியே ஆக வேண்டும் என்கிற மாமாக்கள் இதைப் பண்ணலாம், மண்டையோடு இல்லாமல்.