49 வயதில் சரளி வரிசை

பரணிலிருந்து வீணையை இறக்கியபோது, அதைச் சுற்றிவைத்திருந்த பழைய புடவை கையோடு இற்று வந்தது. 26 வருடங்கள். கல்யாணம், பிள்ளைகள், மாமியாரின் நோய், வேலை என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்ததில் அதைத் தொடவே இல்லை. கம்பிகளுக்கு அடியில் வரிசையாக நிற்கும் உலோகக் கட்டைகளான மெட்டுகளைப் பிடித்திருந்த மெழுகு விரிசல் விட்டிருந்தது. வீணை செய்கிறவர் ஒருவர் 24 மெட்டுகளையும் கழற்றி, புது மெழுகில் மறுபடி பதித்துக் கொடுத்தார். மேளம் கட்டுவது என்பார்கள் இதை. ஒவ்வொரு மெட்டாக வைத்து, மீட்டி, காது கொடுத்துக் கேட்டு, மயிரிழை நகர்த்தி, மறுபடி மீட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு இருந்த உற்சாகம், வீடு வந்த பத்தாம் நாள் இல்லை.

காரணம் சோம்பல் அல்ல. எடுத்த எடுப்பில் மோகன ராக வர்ணத்தை, அடிப்படைப் பாடங்களெல்லாம் முடித்த பிறகு வரும் உருப்படியை, வாசிக்கப் பார்த்தேன். விரல்களுக்கு வழி நினைவிருந்தது, வேகம் வரவில்லை. 20 வயதில் நான் வாசித்ததே காதில் ஓடிக்கொண்டிருக்க, ஒவ்வொரு பிசகும் உறுத்தியது. அந்த நேரம் பார்த்து என் நாத்தனார், உண்மையான அக்கறையோடுதான், "இனிமேல் பழகி என்ன அண்ணி, கச்சேரியா செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உறையைப் போட்டு மூடினேன். இரண்டு மாதம் அப்படியே கிடந்தது.

நம்மிடையே பாட்டும் நடனமும் ஓவியமும் பிள்ளைகளுக்கு என்றே ஆகிவிட்டன. அதிலும் போட்டி, பரிசு, அரங்கேற்றம் என்று எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். அந்தக் கணக்கைக் கொண்டுவந்து நடுவயதில் வைத்தால் எந்த ஆசையும் ஒரு மாதம் தாங்காது. சமையல், அலுவலகம், மருந்து, பிள்ளைகளின் கட்டணம் என்று விடிந்ததிலிருந்து பிறருக்காகவே ஓடுகிறவர்களிடம், மாலையில் மிஞ்சும் அரை மணி நேரத்துக்கும் பலன் என்ன என்று கேட்பது அநியாயம். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

மறுபடி உட்கார்ந்தபோது வர்ணத்தை ஒதுக்கிவிட்டு மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசைக்குப் போனேன். குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். அதுவும் முதல் காலத்தில், மெதுவான வேகத்தில் மட்டும். சிறுமியாக இருந்தபோது எப்போது முடியும் என்று ஓட்டிய வரிசைகள்தான். இப்போது ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டு, அது பலாமரக் குடத்துக்குள் அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பொறுமை அன்று எனக்குக் கிடையாது.

உறையையும் எடுத்துவிட்டேன். விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில் ஜமக்காளத்தின் மேலேயே வீணை இருக்கிறது. விளக்கேற்றிய கையோடு, விரலில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். மனம் வரட்டும் என்று காத்திருந்த நாட்களில் ஒருநாளும் அது வரவில்லை. உட்கார்ந்து பத்து நிமிடம் போன பிறகுதான் வருகிறது. சில நாள் அப்போதும் வருவதில்லை. எழுந்து தோசை வார்க்கப் போய்விடுவேன்.

இடது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கம்பி பதிந்து கறுத்த கோடு விழுந்திருக்கிறது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் எரிகிறது. போன வாரம் வந்த நாத்தனார் அந்த விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு 14 வரிசைகளும் முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த பாடமான ஜண்டை வரிசையைப் பொங்கல் கழித்துத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். அவசரமில்லை.