உருண்டையும் புறாவும் போதும், சாமி!

நேற்று ராத்திரி ஆல்பத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாடுகளுக்கிடையே கடிதம் போகும் விதிகளை வகுக்கும் உலக அஞ்சல் ஒன்றியத்தைக் கொண்டாடும் தபால்தலைகளை மட்டும் ஒரே பக்கத்தில் சேர்க்கலாம் என்று ஆசை. சேர்த்துப் பார்த்தால் பூமி உருண்டை, உருண்டை, புறா, மறுபடி உருண்டை. ஒன்றியத்தின் 75-ஆம் ஆண்டுக்காக 1949-இல் பிரிட்டிஷ் காலனிகள் வெளியிட்ட வரிசை இன்னும் மோசம். காலனிக்கு நான்கு தலை, பெரும்பாலும் அதே நான்கு படம்: கிரேக்கத் தூதுக் கடவுள் ஹெர்மிஸ் இரண்டில், விமானமும் கப்பலும் ஒன்றில், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் உள்ள ஒன்றிய நினைவுச்சின்னம் ஒன்றில். பெயரும் விலையும்தான் மாறும். சேர்க்கிறவனுக்கு வரிசையை முடிக்கிற வெறி, பார்க்கிறவனுக்குக் கொட்டாவி.

எனக்கு இதில் கோபமே உண்டு. ஏனென்றால் கதை அவ்வளவு நல்ல கதை. 1874-க்கு முன்னால் வெளிநாட்டுக் கடிதத்துக்கு எவ்வளவு ஒட்டுவது என்பதே பெரும் பாடு. எந்த வழியாகப் போகிறது, நடுவில் எத்தனை நாடு என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். அந்த வருடம் அக்டோபர் 9 அன்று பெர்னில் 22 நாடுகள் ஒரே அஞ்சல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன; ஒன்றியம் பிறந்தது அப்படித்தான். இதற்கு முன்னின்றவர் ஜெர்மனியின் அஞ்சல் தலைவர் ஹைன்ரிஷ் ஃபான் ஷ்டெஃபான். ஒப்பந்தத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அனுப்பும் நாடு வசூலித்த காசை அதுவே வைத்துக்கொள்ளும். கொண்டுபோய்க் கொடுக்கும் நாடு எதுவும் கேட்காது. நடுவில் சுமக்கிறவர்களுக்கு மட்டும் வழிக்கூலி. காரணம்? கடிதம் போட்டால் பதில் வரும், இரண்டு பக்கமும் சரியாகிவிடும். மனிதர்களை நம்பி எழுதிய கணக்கு!

இதைப் புறாவால் சொல்ல முடியுமா?

ஆனால் சுவிட்சர்லாந்து 1900-இல் வெளியிட்ட 25-ஆம் ஆண்டுத் தலைகள் வேறு ரகம். மூன்றே மூன்று: 5 சென்டீம் (சுவிஸ் சில்லறைக் காசு) பச்சை, 10 சிவப்பு, 25 நீலம். படம் ஒரு பெண் உருவம்தான், அதிலும் பெரிய புதுமை இல்லை. நிறத்தைப் பாருங்கள். ஒன்றியத்தின் 1897 வாஷிங்டன் மாநாட்டில், வெளிநாடு போகும் அச்சுத்தாளுக்குப் பச்சை, அஞ்சல் அட்டைக்குச் சிவப்பு, கடிதத்துக்கு நீலம் என்று முடிவு செய்திருந்தார்கள். மொழி தெரியாத ஊழியரும் நிறத்தைப் பார்த்தே கட்டணம் சரியா என்று சொல்லிவிடலாம். அந்த 25 சென்டீம், 1874-இல் 15 கிராம் கடிதத்துக்கு வைத்த அதே பொதுக் கட்டணம். கொண்டாடும் தலையே அந்த ஒப்பந்தப்படி கடிதத்தைச் சுமந்து போயிற்று. என்னிடம் இருக்கும் நீலத்தில் ஓரத்துப் பல் ஒன்று உடைந்திருக்கிறது, போகட்டும்.

அப்புறம் அந்த நம்பிக்கைக் கணக்கு உடைந்ததையும் யாராவது தபால்தலையில் போட்டார்களா? வருவது அதிகம், போவது குறைவு என்றிருந்த நாடுகள் முறையிட்டன. 1969 டோக்கியோ மாநாட்டில், கூடுதலாக வருவதைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குக் காசு என்று முடிவானது. (அக்டோபர் 9-ஐ உலக அஞ்சல் தினம் ஆக்கியதும் அதே மாநாடுதான்.) பிறகு இணையத்தில் வாங்கும் சின்னப் பொட்டலங்கள் குவிய, இந்தக் காசுத் தகராறில் அமெரிக்கா ஒன்றியத்தை விட்டே விலகுவதாக அறிவித்துவிட்டது. 2019-இல் ஜெனீவாவில் அவசர மாநாடு கூட்டித்தான் சமாதானம் ஆனது.

அடுத்த நினைவுத் தபால்தலை வரைகிறவருக்கு என் விண்ணப்பம் இதுதான். ஒரு பக்கம் கடித உறை, மறுபக்கம் பொட்டலம், நடுவில் ஒரு தராசு. உருண்டைக்கு இந்த ஒரு தடவை லீவு கொடுங்கள்.