பாதிக்கு மேல் வானம்

ஆயிரம் துண்டு ஜிக்சா புதிர். பெட்டியில் கஞ்சன்ஜங்கா படம் இருந்ததால் ஆசைப்பட்டு வாங்கித் தொலைத்தேன். டார்ஜிலிங் போனபோது விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து, டைகர் ஹில்லில் பல் கிடுகிடுக்க நின்றதுதான் மிச்சம். 8,586 மீட்டர் உயர மலை, உலகத்திலேயே மூன்றாவது. அதை மூடுபனி அப்படியே விழுங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரிந்தது முன்னால் நின்றவரின் குரங்குக் குல்லாதான்.

சரி, வீட்டு மேஜையிலாவது பார்க்கலாம் என்றால், படத்தில் பாதிக்கு மேல் வானம்! ஒரே நீலம். ஒரு துண்டை நாலு பக்கமும் திருப்பி வைத்தால் பொருந்தின மாதிரியே இருக்கும். விரலால் தடவினால் ஓரத்தில் மயிரிழை இடைவெளி. பிடுங்கு, மறுபடி தேடு. பனிச்சரிவு அதைவிட மோசம்.

இரண்டு வாரமாகச் சாப்பாட்டு மேஜை மலைக்குத்தான். நாங்கள் தட்டோடு தரையில். இதில் வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் “இது இங்கே வராதா?” என்று ஒன்றை அழுத்திவிட்டுப் போகிறார்கள். (வராது.) நேற்று யாரோ புண்ணியவான் மேஜையை ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். சிகரத் துண்டு சோபாவுக்கு அடியில் கிடந்தது, ஒரு மூலை ஊறி உப்பிப்போய்.