கித்தா மரம் ரப்பர் மரமான கதை

போட்டிக்கு அனுப்பிய என் சிறுகதை அச்சில் வந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர். பாதியிலேயே, "இது யாரு வீட்டுக் கதைடா?" என்றார்.

நான் எழுதிய 'கித்தா மரம்' 'ரப்பர் மரம்' ஆகியிருந்தது. 'பசியாறிட்டியா' என்று கேட்ட கிழவி 'டிபன் சாப்பிட்டாயா' என்கிறாள். எல்லாவற்றையும் விட, 'பெரட்டுக்குப் போனாள்' என்பது 'வருகைப் பதிவுக்குச் சென்றாள்' என்று வந்திருந்தது. விடியாத இருட்டில் கங்காணி பெயர் கூப்பிட, தூக்கம் கலையாமல் வரிசையில் நிற்பதுதான் பெரட்டு. வருகைப் பதிவென்றால் எனக்குப் பள்ளிக்கூட வாத்தியார்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

வெளியிட்டவர்களைக் கேட்டதற்கு, தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியாதாம். 'கித்தா' மலாய்ச் சொல்லாம். சரி, ரப்பர் எந்தச் சங்க இலக்கியத்தில் இருக்கிறது? கி.ராஜநாராயணனின் கரிசல் பேச்சை நாமும் இங்கே உட்கார்ந்து தட்டுத்தடுமாறித்தான் படித்தோம். வட்டார வழக்குக்கு அகராதியே போட்டார் மனிதர். அவர் ஊர்ச் சொல் மண்வாசனை, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான நம் லயத்துச் சொல் மட்டும் பிழையா?

'ஜகாட்' என்ற மலேசியத் தமிழ்ப் படம் ஏன் நம்மை அப்படிப் பிடித்து உலுக்கியது? தலைப்பே, கெட்டது என்று பொருள்படும் மலாய்க்காரரின் 'ஜஹாட்', நம் வாயில் புரண்டு வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களின் பிள்ளைகள் நாம் பேசுகிற மாதிரியே அதில் பேசினார்கள். யாரும் அதற்காக வெட்கப்படவில்லை. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதும் அதற்குத்தான். நம் தொலைக்காட்சி நாடகங்களில் இன்னும் பலர் கோடம்பாக்கத்துக் குரலில்தான் அழுகிறார்கள்.

இன்னொரு கூட்டமும் உண்டு. இங்கே பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வை வரிக்கு வரி போட்டுவிட்டால் மலேசியத் தமிழ் வந்துவிட்டது என்று நினைப்பவர்கள். அதற்கு அந்த 'டிபனே' தேவலை.

அப்புறம் என் பிரதியில் பென்சிலால் பழைய சொற்களைத் திரும்ப எழுதி, அம்மாவிடம் மறுபடி வாசித்தேன். பெரட்டைத் தாண்டினார். கித்தாவைத் தாண்டினார். விடிய விடிய மழை பெய்த காலையில் என் நாயகி உளியோடு மலை ஏறுகிற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மரம் நனைஞ்சு கெடக்கு. அன்னிக்கு ஏதுடா பால் வெட்டு?"