படகு பிறகு விடலாம், முதலில் கரை நிற்கட்டும்

நான் தினமும் நடக்கப் போகும் நீர்த்தேக்கக் கரை போன மாதம் சரிந்தது. நடைபாதையில் பிறை போல ஒரு வெடிப்பு. தண்ணீர்ப் பக்கத்துப் பாதி ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. அதில் இருந்த பெஞ்சு தண்ணீரை எட்டிப் பார்ப்பதுபோலச் சாய்ந்து நின்றது. மறுநாளே லாரி வந்தது. வெடிப்பில் மண்ணைக் கொட்டினார்கள், ரோலர் ஓட்டினார்கள், போய்விட்டார்கள். பத்தாம் நாள் அதே இடத்தில் மறுபடி வெடிப்பு, முன்பைவிட அகலமாக.

வெடிக்காமல் என்ன செய்யும்? சரிந்த கரையின் உச்சியில் மண் போடுவது, வழுக்கி விழுகிறவன் தலையில் மூட்டையை ஏற்றுவது போல. மேலிருக்கும் மண் தள்ளுகிறது, அடிவாரத்து மண் தாங்குகிறது. பாரம் வைக்க வேண்டிய இடம் அடிவாரம். அதைவிட்டு, பொக்லைன் இறங்க வழி வேண்டும் என்று அந்த அடிவாரத்தையே வெட்டுகிறவர்களும் உண்டு!

சரிந்ததற்குக் காரணம் மழை என்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகம். படகுத்துறையைச் செப்பனிட நீர்மட்டத்தை நான்கே நாளில் இறக்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தேக்கம் நிறைந்திருக்கும்வரை தண்ணீரே கரையை முட்டுக் கொடுத்துத் தாங்கும். அது சட்டென்று இறங்கினால் முட்டு போய்விடும். களிமண் குடித்த நீரோ அத்தனை வேகத்தில் வெளியேறாது. உள்ளே நீரின் அழுத்தம், வெளியே வெறுமை.

கலிபோர்னியாவின் சான் லூயிஸ் அணையில் 1981 செப்டம்பரில் இதுதான் நடந்தது. அங்கும் படகு, மீன்பிடிப்பு என்று ஜனங்கள் பொழுதுபோக்க வருவார்கள். நீர்மட்டம் வெகுவாக இறங்கிய பிறகு உள்சரிவில் 300 மீட்டருக்கும் மேலான நீளத்துக்குக் கரை நழுவியது. கட்டும்போது அடியில் அப்படியே விட்டுவைத்த களிமண் காய்ந்திருந்தவரை உறுதியாக இருந்தது, நனைந்ததும் வலுவிழந்தது. அதைச் சீர்செய்தபோது அடிவாரத்தில் தாங்குமேடு கட்டினார்கள்.

இங்கே முதல் நாள் செய்திருக்க வேண்டியது, மழைநீர் இறங்காமல் வெடிப்பின் மேல் தார்ப்பாய் விரிப்பது. பாதையை மூடுவது. பிறகு துளையிட்டு, மண் எந்த ஆழத்தில் நழுவுகிறது என்று கண்டுபிடிப்பது. அந்த ஆழத்துக்கும் கீழே தோண்டி, உறுதியான மண்ணில் படி படியாக வெட்டி, புது மண்ணை மெல்லிய அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் கெட்டிக்க வேண்டும். நீர் வடியக் கல்லும் மணலும் வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். "ஒரு சீசனே வீணாகிறதே" என்று படகு நண்பர்கள் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும்.

வெடிப்பின் இரு பக்கமும் பக்கத்துக்கொரு முளை அடித்து வைத்திருக்கிறேன். நேற்று அவற்றுக்கிடையே மூன்று முழம். இன்று காலை அளந்தேன். மூன்று முழமும் இரண்டு விரற்கடையும்.