அஞ்சு வருஷத்துல ரெண்டு டிகிரி

ஒரு வருஷம் மிச்சம், ஒரு வருஷம் மிச்சம்னு சொல்லியேதான் இந்த பேச்சலர்ஸ் பிளஸ் மாஸ்டர்ஸ் கம்பைன்ட் கோர்ஸைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க. அமெரிக்கா பக்கம் தனித்தனியா படிச்சா நாலும் ரெண்டும் ஆறு வருஷம், சேர்த்துப் படிச்சா அஞ்சு, ஏன்னா நாலாவது வருஷம் எடுக்குற சில மாஸ்டர்ஸ் பேப்பரை ரெண்டு டிகிரிக்கும் சேர்த்து எண்ணிக்குவாங்க. கணக்கெல்லாம் சரிதான். ஆனா அட்மாஸ்பியர், ஸ்பேஸ் சயின்ஸ் பக்கம் வர்றவங்க இதுக்காக மட்டும் சேர்றதா இருந்தா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

இந்தப் படிப்புல முதல் ரெண்டு வருஷம் மேகத்தையே கண்ணுல காட்ட மாட்டாங்க, கால்குலஸ், டிஃபரென்ஷியல் ஈக்வேஷன், ஃபிசிக்ஸ், கோடிங்னு போயிடும். மூணாவது வருஷம்தான் காத்து எப்படி நகருது, சூரிய வெப்பம் எந்த உயரத்துல எவ்வளவு தங்குதுன்னு பாடமே ஆரம்பிக்கும். ருசி தெரிஞ்சு நிமிர்ந்து பாத்தா கான்வகேஷன் வந்து நிக்கும். அந்த அஞ்சாவது வருஷம் இதுக்குத்தான் வேணும், உக்காந்து டேட்டாவோட மல்லுக்கட்ட.

நான் முதல்முதல்ல ஒரு டேட்டா ஃபைலைத் திறந்து சராசரி வெப்பநிலை போட்டப்போ மைனஸ் 376 டிகிரின்னு வந்துச்சு. பிரபஞ்சத்துலயே மைனஸ் 273க்குக் கீழ போக முடியாது, நான் ஒரு ஊர் வெயிலை வெச்சே அதுக்கும் கீழ போயிட்டேன் 😄 அளவு எடுக்க முடியாத இடத்துல எல்லாம் மைனஸ் 9999னு போட்டு வெச்சிருப்பாங்க, அதை நீக்காம கூட்டிட்டேன். நூத்துக்கு நாலு எண் அப்படி இருந்தாலே போதும், மொத்தமும் நாசம். இதை எந்தப் பரீட்சையிலயும் கேக்க மாட்டாங்க.

வானிலையையும் விண்வெளியையும் ஏன் ஒரே டிபார்ட்மென்ட்ல வெச்சிருக்காங்கன்னு நிறைய பேருக்குப் புரியல. 2022 பிப்ரவரி 3ஆம் தேதி ஸ்பேஸ்எக்ஸ் 49 ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டை ஏவுச்சு, சுமார் 210 கிலோமீட்டர் உயரத்துல விட்டாங்க, அந்த நேரம் பாத்து சூரியனால வந்த காந்தப்புயல்ல மேல் வளிமண்டலம் சூடாகி உப்பிடுச்சு, அங்க காத்தோட அடர்த்தி கூடி, இழுவை தாங்காம 38 போச்சு. சூரியன்ல ஆரம்பிச்ச கதை, முடிச்சு வெச்சது நம்ம காத்து. இதையே திருப்பிப் போட்ட மாதிரி, மிச்சிகன் யூனிவர்சிட்டி முன்னின்னு நடத்துற சிக்னஸ்னு 8 குட்டி சாட்டிலைட், 2016 டிசம்பர்ல போச்சு, கடல் மேல பட்டுத் திரும்புற ஜிபிஎஸ் சிக்னலை வெச்சு புயலுக்குள்ள காத்து வேகத்தைக் கணக்குப் போடுறதுக்காக. ரெண்டுல ஒண்ணு மட்டும் படிச்சவன் பாதியிலேயே நிப்பான்.

சரி, வேண்டாம்னு ஏன் சொன்னேன்? பிஎச்டி பண்றதுன்னு ஏற்கனவே முடிவு பண்ணவங்களுக்குத்தான் முக்கியமா. அமெரிக்காவுல பேச்சலர்ஸ் முடிச்ச கையோட நேரா பிஎச்டிக்கு அப்ளை பண்ணலாம், சயின்ஸ்ல பெரும்பாலும் ஃபீஸும் கிடையாது, மாசச் சம்பளம் மாதிரி உதவித்தொகையும் உண்டு. மாஸ்டர்ஸ் வருஷத்துக்குப் பெரும்பாலும் நம்ம கைக்காசுதான். பிஎச்டிக்குள்ளேயே கிடைக்கிற மாஸ்டர்ஸுக்கு எதுக்குக் கடன் வாங்கணும்? இன்னொண்ணு, அஞ்சு வருஷமும் அதே நாலு புரொஃபசர், காத்தையும் வெப்பத்தையும் கணக்குப் போட அவங்க பழகுன அதே கம்ப்யூட்டர் மாடல். வெளிய வேற மாதிரியும் யோசிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியவே ரொம்ப நாளாச்சு.

மூணாவது வருஷம் அப்ளை பண்ற மாதிரி கோர்ஸ் இருந்தா அதையே எடுங்க, பதினெட்டு வயசுல கையெழுத்து போட்டு மாட்டிக்காதீங்க. அதுக்கு முன்னாடி ஒரு லீவுல ஏதாவது லேப்ல போய் உக்காருங்க, உங்க மைனஸ் 376 அங்கேயே வந்துடட்டும்.